விசில் ஊதினால் நெட் வரும்

இந்தத் தேசத்தில் இன்டர்நெட்டை விசில் ஊதித் திறந்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் வால்வுதான். சந்தேகம் இருப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

வால்வு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் என்னவென்று ரேஷன் கார்டைப் பார்த்தவர்களுக்குத்தான் வெளிச்சம். இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊரில், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவது அவர் வேலை. கையில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, கழுத்தில் விசில், அரைஞாண் கயிற்றில் மோட்டார் ரூம் சாவி. எங்கள் ஊராட்சித் தலைவருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

ஊரில் மூன்று தெரு. மேட்டுத் தெரு, மாதா கோயில் தெரு, அப்புறம் எங்கள் லைன் வீட்டுத் தெரு. ஒருநாள் ஒரு தெருவுக்குத் தண்ணீர், அதுதான் முறை. விடிகாலை ஆறு மணிக்கு விசில் ஊதுவார், ஏழு மணிக்கு மறுபடி ஊதி மூடுவார். யார் குடம் பாதியில் நின்றாலும் சரி, மூடினால் மூடினதுதான். முறையில்லாமல் தண்ணீர் வேண்டுமென்று போனால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கல்யாணமா, சாவா?" இரண்டில் ஒன்று என்றால் திறப்பார். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் அவர் சட்டத்தில் கிடையாது.

நான் அப்போது கார் சீட் தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். செகண்ட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவனை ஆறு மணி விசில் எழுப்பவே எழுப்பாது. அங்கிருந்த காலம் பூராவும் நான் தண்ணீருக்கு எழுந்ததில்லை. பக்கத்து ரூம் மேரி அக்காதான் புண்ணியத்துக்கு என் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பார். "எட்டாம் நம்பர் பையன் இன்னும் எழுந்துக்கலியா? இவன்லாம் கண்ணாலம் கட்டி இன்னா பண்ணப் போறான்?" என்று வால்வு என் ஜன்னலுக்கு நேராக நின்று தெருவுக்கே கேட்கும்படி கவலைப்படுவார். அது மட்டும் தூக்கத்திலும் கேட்கும்.

இப்படி இருந்த ஊருக்கு இலவச இன்டர்நெட் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு நெட் வேண்டும் என்று ஊராட்சி கேட்டுக் கேட்டு, கடைசியில் ஏதோ ஒரு கம்பெனி செலவில் பெட்டி மாட்ட வந்தார்கள். ஊரிலேயே உயரமான இடம் தண்ணீர் தொட்டி. அதன் தலையில் மூன்று தெருவைப் பார்த்து மூன்று வெள்ளைப் பெட்டிகள். கீழே மோட்டார் ரூமில் மூன்று சுவிட்ச். மாட்ட வந்த பையன் போகிற அவசரத்தில் வால்விடம், "அண்ணா, அப்பப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டான்.

அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவன் சொன்னதன் விளைவை அவன் பார்க்கவில்லை. வால்வு மூன்று சுவிட்சையும் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது மூன்று வால்வாகத் தெரிந்தது. மறுநாள் காலையிலிருந்து நெட்டுக்கும் முறை வந்துவிட்டது. தண்ணீர் எந்தத் தெருவுக்கோ அந்தத் தெருவுக்குத்தான் நெட். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

விசில் சத்தம் கேட்டதும் பெண்கள் இடுப்பில் குடமும் கையில் போனுமாக ஓடி வருவார்கள். குடம் ஒரு பக்கம் நிறையும், வாட்ஸப் ஒரு பக்கம் நிறையும். வால்விடம் இருந்தது பட்டன் போன். நெட் வருகிறதா இல்லையா என்று அவர் கண்டுபிடிக்கிற முறையே தனி. தெருமுனையில் நின்று ஜனங்களைப் பார்ப்பார். எல்லார் தலையும் குனிந்திருந்தால் வருகிறது. தலை நிமிர்ந்தால் நின்றுவிட்டது. இதுவரை எந்த இன்ஜினியரும் இதைவிடச் சரியான கருவி கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

தொட்டி கழுவும் நாளில் நெட்டும் கிடையாது. "டேங்க் கழுவறோம், இன்னிக்கு எதுவும் வராது" என்று முதல்நாளே தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிடுவார். ஒருதரம் பெட்டிகளையும் ஈரத்துணியில் பிளீச்சிங் பவுடர் தொட்டுத் துடைத்துவிட்டு இறங்கினார். மாதா கோயில் தெருவுக்கு ஒரு வாரம் நெட் வரவில்லை. "கெட்டதெல்லாம் போயிடும், கொஞ்சம் பொறுங்க" என்றார். அந்தத் தெருப் பெற்றோர்கள் சிலர் அதை நம்பி சந்தோஷப்பட்டார்கள்.

நான் படித்தவன் இல்லையா, விடுவேனா? ஒருநாள் அவரை உட்காரவைத்து, நெட் என்பது தொட்டியில் இருக்கிற தண்ணீர் மாதிரி இல்லை, நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் தீராது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பீடியை அணைத்தார்.

"எங்க ஏரி கூட தீராதுன்னு தான் சொன்னாங்க தம்பி. இப்ப போய்ப் பாரு, அதுல புது காரு அடுக்கி வெச்சிக்கீறாங்க."

அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஓனரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் லைன் வீடுகளும் அவருடையவை, மேட்டுத் தெருவில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி ரூம்களும் அவருடையவை. மேட்டுத் தெருவில் ஒரு குடும்பம், வாலாஜாபாத்தில் ஒரு குடும்பம். அது ஊரறிந்த விஷயம், யாரும் பேசுவதில்லை, வாடகைக்கு இருப்பவன் எப்படிப் பேசுவான்? இந்த ஓனர் புதுக்கட்டடத்தின் வாசலில் ஒருநாள் போர்டு மாட்டினார்: ரூம் வாடகைக்கு, வைஃபை வசதி உண்டு. ஊராட்சி நெட்டை மொட்டை மாடியில் ஒரு கருவி வைத்து இழுத்து, எந்தத் தெரு முறையானாலும் தன் வாடகைக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

வால்வுக்குக் கருவி தெரியாது. ஆனால் உறிஞ்சுவது தெரியும். தெருக்குழாயில் திருட்டு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்களைப் பிடிக்க அவர் சுவரில் காது வைத்துக் கேட்பார், மோட்டார் ஓடினால் உர்ரென்று கேட்கும். அதே மாதிரி புதுக்கட்டடத்தின் சுவரில் காதை வைத்தார். உர்ரென்று கேட்டது. அது ஃப்ரிட்ஜ் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் இவர் மாடியேறி, இரண்டு கொம்போடு இருந்த அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். மோட்டார் ரூமில் பறிமுதல் மோட்டார்களின் வரிசையில், பெரிய மாடுகளுக்கு நடுவில் கன்றுக்குட்டி மாதிரி, அதையும் வைத்துப் பூட்டினார்.

ஓனர் சும்மா இருப்பாரா? தொட்டிக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் தலைவரையே வைத்துக்கொண்டு கத்தினார். "சோத்துக்கே வழி இல்லாதவனுக்கு நெட்டு எதுக்குங்க? ஃப்ரீயா குடுத்தா ரீல்ஸ் தான் பாப்பானுங்க. பெட்டிய கழட்டிடுங்க."

வால்வு டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, வழக்கமான குரல்தான்.

"உனுக்குக் கூட தண்ணி ஃப்ரீயா தான் வுடறேன். குடிக்கிறதுக்கு மட்டுமா புடிக்கிற? காரு கழுவுற, செடிக்கு ஊத்துற. நான் வந்து கேட்டனா? எல்லா வூட்டுக்கும் போய்ச் சேரணும், அது என் வேல. அத வெச்சிக்கினு இன்னா பண்றாங்கன்னு எட்டிப் பாக்கறது என் வேல இல்ல."

ஏழைகளுக்கு அரசாங்கம் நெட் தரலாமா கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ பெரிய மனிதர்கள் டிவியில் மேஜையைத் தட்டிப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த டீக்கடைக்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தலைவர் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டார். இனிமேல் முறை தவறியதாக ஒரு புகார் வந்தாலும் மோட்டார் ரூம் சாவியை வாங்கிவிடுவேன் என்று வால்விடம் சொல்லி ஓனரைச் சமாதானம் செய்தார். சாவி போனால் வால்வுக்கு வேலையே போன மாதிரி. ஓனர் அன்றிலிருந்து காலையும் மாலையும் கடிகாரத்தோடு டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மேரி அக்காவின் மகள் ஜெனிஃபருக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தது.

மேரி அக்காவுக்குக் கணவர் இல்லை. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார். ஜெனிஃபர் நல்ல மார்க். எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று நெட்டில் வரிசையாக அடுக்கி அனுப்ப வேண்டும். எங்கள் தெரு முறையன்று சாயங்காலம் அடுக்க ஆரம்பித்தாள். பாதிகூட ஆகவில்லை, ஆறு மணி, விசில், மூடிவிட்டார். அனுப்பக் கடைசி நேரம் மறுநாள் மாலை ஐந்து மணி. மறுநாள் மேட்டுத் தெரு முறை.

காலையில் தாயும் மகளும் ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். அங்கே ஊர்ப்பட்ட கூட்டம், போதாததற்குக் கரண்ட் கட், கையிலிருந்த போனிலோ நெட் பேக் கிடையாது. மூன்று மணி வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டு கம்பெனி ஷெட்டுக்கு நடுவில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் எங்கள் லைன் வீட்டில் யார் போனிலும் டவர் ஒரு கோடுதான். பேசலாம், நெட் திறக்காது. மணி நாலைத் தாண்டியிருந்தது. அன்று எனக்கு வார விடுமுறை. மேரி அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மோட்டார் ரூமை நோக்கி நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். அந்த மனிதர் ஒருநாளும் முறை தவறியவர் இல்லை.

எதிரே டீக்கடையில் ஓனர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னிக்கு எங்க தெரு முறை. தலைவர் சொன்னது ஞாபகம் கீதா?" என்றார்.

வால்வு ஓனரைப் பார்க்கவில்லை. மேரி அக்காவைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கல்யாணமா, சாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் என் பெரியப்பாவைக் கொன்றிருப்பேன். மேரி அக்காவுக்கு அது வராது.

"ரெண்டும் இல்லண்ணே. ஆனா இது ஒரு தடவ தான் வரும்."

வால்வு இரும்புச் சாவியைத் தரையில் ஊன்றினார்.

"ஒரு தடவ தான் வரும்னா, அது கல்யாணம் தான்."

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓனரைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு குடும்பக்காரரால் அதற்கு என்ன ஆட்சேபம் சொல்ல முடியும்? உட்கார்ந்துவிட்டார்.

வால்வு விசில் ஊதினார். எங்கள் தெருப் பெட்டிக்கு உயிர் வந்தது. வந்ததும்தான் வம்பு. விசிலைக் கேட்டு லைன் வீடு முழுக்க எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். வால்வு காய்ந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக வந்தார். "எல்லாரும் அணைச்சி இதுல போடு. கல்யாண வூட்டுக்கு பிரஷர் போவணும்." யாரும் முணுமுணுக்கவில்லை. ஓட ஆரம்பித்த சீரியலை நிறுத்திப் போட்டார்கள், அப்போதுதான் திறந்த மேட்சைப் போட்டார்கள். என் போனும் போனது. தெருவின் மொத்தப் போனும் குடத்துக்குள் கிடக்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மேரி அக்கா வாசலில் நின்றார்.

உள்ளே ஜெனிஃபர் கல்லூரிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கடைசியில் அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேரி அக்கா மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் குடத்தைப் பார்த்தேன்.

வால்வு தலையை உள்ளே நீட்டினார். "ரொம்பிச்சா?"

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "ரொம்பிச்சி மாமா."

அவ்வளவுதான், விசில். மூடிவிட்டார்.

புகார் போனது. தலைவர் வந்து விசாரித்தார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டதற்கு எங்கள் தெருவே மேரி அக்கா வீட்டைக் கைகாட்டியது. மேரி அக்கா ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் சாப்பிட்டார். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு கல்யாணம் இல்லை என்று எப்படிச் சொல்வார்? சாவி அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது.

ஜெனிஃபருக்கு அரசுக் கல்லூரியே கிடைத்தது. படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். நான் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து எழுத்துத் தொழிலில் விழுந்துவிட்டேன். ஊரில் அந்தப் பெட்டிகள் இப்போது நாள் முழுக்கத் திறந்தே கிடக்கின்றனவாம். ஓனர் கட்டடத்துக்கு நன்றாக வருகிறதாம், லைன் வீட்டுக்குத்தான் சரியாக வருவதில்லையாம். வால்வு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

முதல் சம்பளத்தில் ஜெனிஃபர் அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதை அவர் காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடிவிடுகிறார். மற்ற நேரத்தில் கூப்பிட்டால் கிடைக்க மாட்டார். "ஏன்ணே, நாள் பூரா வெச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முறையாம், மற்ற நாளெல்லாம் வேறு ஆட்களுக்காம்.

தண்ணீருக்கே எழுந்திருக்காதவன் நான். இப்போது ஞாயிறு தோறும் ஆறு அடிப்பதற்குள் எழுந்து, பல்கூடத் துலக்காமல், போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் முறைக்காக உட்கார்ந்திருக்கிறேன்.