நூறுக்கு ஒரு தலை குறைவு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், நாலு வருஷமாக உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவியும் சுகம் என்று நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியாரான என் தலையிலேயே இந்தப் பழங்குடிக் கிராமத்து மக்கள்தொகைக் கணக்கையும் கட்டிவிட்டார்கள். ஜனம் நூறுக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பதினாறு பிள்ளைகளும் ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும், எனக்கு உங்கள் ஊருக்கே மாற்றல். போன கணக்கில் நூற்று முப்பத்தொன்று. அதற்குப் பிறகு வயசானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், வாலிபர்கள் மலையை விட்டுக் கீழே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், இரண்டு தரப்பும் திரும்பி வரவில்லை.

மரியாதை தெரிந்த ஜனங்கள், மச்சான். வாத்தியாரைத் தனியாக அனுப்பலாமா என்று முதல் வீட்டுக்காரர்கள் இரண்டாம் வீட்டுக்குத் துணைக்கு வந்தார்கள், இரண்டு வீட்டாரும் மூன்றாம் வீட்டுக்கு வந்தார்கள், "இந்த வீட்டுல யார் யாரு?" என்று கேட்டால் வாசலில் நிற்கிற கூட்டம் மொத்தத்தையும் காட்டி, "எல்லாம் நம்ம ஆளுங்கதான், எழுதிக்கங்க" என்றார்கள். எனக்கா இவர்களைத் தெரியாது? ஆனால் வீட்டார் சொன்னபடியே எழுத வேண்டும் என்று படிவத்தில் போட்டிருக்கிறதே! சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் இருபத்துமூன்று வீட்டில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.

மறுநாள், யார் எங்கே தூங்குகிறார்களோ அங்கே எழுதலாம் என்று கேட்டால், "மழை பெஞ்சா ஒழுகாத வீட்டுல" என்றார்கள். வயசு கேட்டது அதைவிடக் கூத்து. ஊர்த்தலைவர் மனைவிக்கு நாற்பதாம், அவள் மகனுக்கு முப்பத்தெட்டாம். "அது எப்படிம்மா?" என்றால், "ரெண்டு பேரும் சேந்துதானே கஷ்டப்பட்டோம்" என்கிறாள். கடைசியில் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி, எழுதின ஆளை எழுதினவுடன் வகுப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தொண்ணூற்றொன்பது!

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஊர்த்தலைவர் சண்டைக்கே வரவில்லை, "உள்ளதைத்தானே எழுத முடியும் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

ஆகவே மாற்றல் விஷயமாக நீங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை போட்டு வைக்கவும். பதினோரு வருஷம் போதும், அலுத்துவிட்டது. பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், என் மனைவியிடம் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஊர்த்தலைவர் மனைவி வந்தாள். "பதினோரு வருஷமா இங்கயே தூங்கி எந்திரிக்கிறீங்களே, உங்களை எங்க எழுதினீங்க?" என்றாள். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு மாதம் வசித்தாலே அந்த ஊர் ஆள்தானாம். எழுதிவிட்டேன், நூறு. இனி நான் கிளம்பினால் மறுபடியும் ஒன்று குறையும், அதனால் அந்த ஒரு வார்த்தையைப் போட வேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கில் என் மனைவி என் பெயரையும் கொடுத்திருப்பாள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது, அங்கே என் பெயரை அடித்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள். நீங்களே சொல்லிவிடுங்கள் மச்சான், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.