மூன்று நாற்காலி மக்களாட்சி

உலகமெங்கும் மக்களாட்சி தள்ளாடிக்கொண்டிருக்க, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மட்டும் அது மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. செயலாளர் நான். தலைவர் என் அக்காவைக் கட்டியவர். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அதிகாரம் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பதில் அத்தான் படு கறார். அதனால் சட்டம் போட ஒரு நாற்காலி, அதை நிறைவேற்ற ஒன்று, நீதி வழங்க இன்னொன்று. மூன்றிலும் அவர்தான் உட்காருவார். ஆனால் சத்தியமாக, ஒரே நேரத்தில் உட்கார்ந்ததே இல்லை.

போன மாதம் முதல் நாற்காலி, 'மக்களே மன்னர்கள்' என்று பெரிய போர்டு வைக்கத் தீர்மானித்தது. இரண்டாம் நாற்காலி அதை மாடித் தையல்காரரின் ஜன்னலை மறைத்து மாட்டியது. மனிதர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, பட்டப்பகல்ல இருட்டா இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியல. பொழப்பே போயிடும்!"

"இது நிர்வாகம். புகாரெல்லாம் அங்க" என்ற அத்தான் எழுந்துபோய் மூன்றாம் நாற்காலியில் அமர்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"இப்பத்தானே சொன்னேன்!"

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்யா!"

"அவர் வேற. அவர்கிட்ட சொன்னது என் காதுல விழுந்தா நீதி கெட்டுடும்."

மெய்சிலிர்த்தேன். தையல்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கடைசியில் விஷயம் மக்கள் மன்றத்துக்கே போனது.

படிக்கட்டில் "அநியாயம்ணே!" என்று தையல்காரரிடம் பொங்கியவர்கள் அத்தனை பேரும் கூட்டத்துக்கு வந்தார்கள். அத்தான் யாரையும் மிரட்டவில்லை. தண்ணீர் மோட்டார் அறைச் சாவியைச் சும்மா மேசைமேல் எடுத்து வைத்தார்.

"போர்டு வேணாங்கிறவங்க தாராளமா கை தூக்கலாம்."

ஒரே ஒரு கை எழுந்தது. விரலில் ஊசி குத்திய தழும்புகள்.

"மாப்ள, குத்து" என்றார் அத்தான். 'ஏகமனதாக நிறைவேறியது' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தையல்காரர் பதிவேட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, வழக்கமா குத்துறதுதான்."

"தப்பே இல்ல தம்பி, சரியாத்தான் குத்தியிருக்கீங்க" என்றார். "இத்தனை பேர் உக்காந்திருந்தீங்க. மனசு ஒருத்தருக்குத்தான் இருந்திருக்கு."