டக்டக் அண்ணனின் கற்பூரத் தட்டு

உலகத்திலேயே ஒரு ஊமைப் படத்துக்காக இவ்வளவு சத்தம் போட்ட மனிதர் எங்கள் வரிச்சிக்குடி டக்டக் அண்ணனாகத்தான் இருக்க முடியும்.

டிராக்டர் ஓட்டுகிறவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் காரைக்காலில் டூரிங் கொட்டாய் நடத்திய தாத்தா அவருக்கு விட்டுப்போனது ஒரு தகர டப்பா, உள்ளே ஒரு சுருள் பிலிம். வெள்ளைக்காரர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மேற்கே போய் அங்கிருந்தவர்களின் நிலத்தைப் பிடித்த கதை. படத்தை அண்ணன் பார்த்ததே இல்லை, தாத்தா சொல்லக் கேட்டதுதான். கொட்டாயில் படம் காட்டிய மெஷின் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அதனால் என்ன? டீக்கடையில் இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டிக் குதிரைகளை நாலுகால் பாய்ச்சலில் விடுவார். "சொந்த நெலத்த விட்டுட்டு அவன் எங்கடா போவான்?" என்று ஏதோ பக்கத்து வரப்புத் தகராறு மாதிரி கண் கலங்குவார். நம் டீ ஆறிப்போகும்.

போன வருஷம் ஆயுத பூஜையன்று, டப்பாவில் ஒட்டியிருந்த பிரெஞ்சுப் பெயரைப் போனில் தேடினேன். தூக்கிவாரிப் போட்டது. அது தொலைந்துபோன படமாம். எங்கேயும் ஒரு பிரதிகூட இல்லையாம். அதற்குக் கீழேயே இன்னொரு இடி: அந்தக் காலத்துப் பிலிம் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

ஐயோ, ஆயுத பூஜை!

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். களத்தில் சந்தனம் பூசிய டிராக்டர். அதன் முன்னால் முக்காலியில் திறந்த டப்பா. பிலிமுக்குக் குங்குமப் பொட்டு. அண்ணன் கையில் எரியும் கற்பூரத் தட்டு.

"அண்ணே, மூடுங்க! பத்திக்கும்!"

"சாமி கும்புடுறப்ப மூடுவாங்களா? தள்ளுடா."

"ஒலகத்துலயே இது ஒண்ணுதாண்ணே இருக்கு!"

"அப்படியா? அப்ப இன்னும் ரெண்டு கட்டி போடுவோம்."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பாதி பூசையில ஓடாதடா!" என்று தட்டோடு துரத்தினார். டிராக்டரை நான் சுற்ற, அவர் சுற்ற, வாசலில் அண்ணி கத்தினாள்: "அத ஊதி அணைச்சுத் தொலைங்களேன்!"

"கற்பூரத்த வாயால ஊதச் சொல்றா பாரு!"

களத்தை விட்டு வயல் வரப்பில் ஓடினேன், அதுவும் முடிந்துவிட்டது. பின்னால் சேறு. காற்று திரும்பியது, தீ நாக்கு டப்பா பக்கம் சாய்ந்தது.

அண்ணன் நின்றார். "நெசமாவே ஒண்ணுதானா?"

"சத்தியமாண்ணே."

சட்டென்று எனக்கு முதுகு காட்டித் திரும்பி, தட்டை நெஞ்சோடு அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டார். ஊதவில்லை, கீழே வைக்கவில்லை. கற்பூரம் தானாகக் கரைந்து முடியும்வரை அப்படியே நின்றார். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

பழைய படங்களைக் காப்பாற்றுகிறவர்கள் வந்து பிலிமை எடுத்துப்போனார்கள். அதே படம்தானாம். கொஞ்சம்தான் தேறியது, அதை எனக்குப் போனில் அனுப்பினார்கள். டீக்கடையில் காட்டினேன். வெறும் புழுதி, கூண்டு வண்டிகள், தலை தொங்கிய குதிரைகள். கொட்டாங்குச்சியை எடுத்த அண்ணன் கை அப்படியே நின்றது.

"தப்புத் தப்பா தட்டிட்டேன்டா. பாவம், அதுங்க நடந்துல்ல போவுது."

இப்போதெல்லாம் மெதுவாகத்தான் தட்டுகிறார். கதை நீள்கிறது, டீ இன்னும் நன்றாகவே ஆறுகிறது. ஆறட்டும்.