ஏழாம் புள்ளியை மூன்று விரல் தள்ளிவிடுங்கள்

அன்புள்ள லீ சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம், அவர் எதையும் சத்தமாகத்தான் வாசிப்பார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இங்கே அம்மா, நான், வாத்துகள் எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அம்மா விசாரித்ததாக நானே எழுதிக்கொள்கிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. மாவட்ட அறிவியல் போட்டியில் முதல் பரிசு எனக்கு! பதினான்கு பள்ளிகள் வந்திருந்தன, சித்தி. ஹா லாங் பையன்கள் எரிமலை செய்திருந்தார்கள். அது புகைந்தது, வெடிக்கவில்லை. என்னுடையது வெறும் வரைபடம், 'நம் தீவின் மணற்புழுக்கள்: வகைகளும் வாழிடங்களும்'. எரிமலையைப் புழு தின்றுவிட்டது என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் குவாத் சார் மேடைக்கே கேட்கும்படி சொன்னார். இனி கெட்ட செய்தி. அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் படகுத்துறையில் ஒட்டப்போகிறார்கள். அச்சடிக்கப்போவது உங்கள் அச்சகம். வியாழக்கிழமை உங்களிடம் வந்து சேரும். ஏழாம் புள்ளி இப்போது இருக்கும் இடத்திலேயே அச்சானால் அம்மாவின் பிழைப்பு போய்விடும்.

வகை பிரிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உடம்பில் வளையங்கள் உண்டா, இரண்டு பக்கமும் முள்மயிர் உண்டா, குழாய் கட்டிக்கொண்டு வாழ்கிறதா என்று குவாத் சார் சொல்லிக்கொடுத்தபடி பிரித்துக் கட்டம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்குடி இத்தனை கட்டம்? சூப்புக்கு, தூண்டிலுக்கு, வாத்துக்கு. மூணே வகை, முடிஞ்சுபோச்சு" என்றாள். வாழிடம்தான் பிரச்சினை. புழு தோண்டும் பெண்கள் தங்கள் இடத்தைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், அம்மா உங்களிடமே சொன்னதில்லை. கடல் வற்றியதும் கோயில் பக்கமாகக் கிளம்புவாள். திரும்பும்போது கால்தடம் அழியட்டும் என்று தண்ணீருக்குள்ளேயே நடந்து வருவாள். அப்படியிருக்க, நான் நோட்டை நீட்டியதும் அம்மாவைத் தவிர மற்ற பத்துப் பெண்களும் மளமளவென்று இடத்தைச் சொன்னார்கள். ஒரு சிட்டிகை உப்புக்கூடக் கடன் தராத லுவா பெரியம்மா, "எழுதிக்கோ கண்ணு, உடைஞ்ச படகுக்கு மேக்கால நாப்பது தப்படி. உனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறேன்?" என்றாள். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அம்மாவும் சொன்னாள், கோயிலுக்குப் பின்னால் என்று. அதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரெல்லாம் மண்வெட்டியோடு அங்கே போய் நின்றால் நாங்கள் என்ன செய்வது? அதனால் அம்மாவின் புள்ளியை, அதாவது ஏழாம் புள்ளியை, தாழம்புதர் வளைவுக்கு மாற்றிவிட்டேன். அங்கே யாரும் போவதில்லை. பேய் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து அம்மா என்னைப் பயமுறுத்திய இடம் அது. ஒரு பொய்தானே என்று அதற்குச் சிவப்பு மையை எல்லாவற்றையும்விடத் தடிமனாகப் பூசினேன்.

சரிபார்க்க ஒருவர் வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹாய் ஃபோங்கிலிருந்து தாவ் மேடம் இடம் அளக்கும் மரச்சட்டமும் சல்லடையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். முதல் புள்ளியில் தோண்டினோம், இரண்டு கிளிஞ்சல். இரண்டாம் புள்ளியில் ஒரு செருப்பு. லுவா பெரியம்மாவின் நாற்பது தப்படியில் வெறும் கல். பத்துப் புள்ளியிலும் புழு இல்லை, சித்தி. பத்தும் பொய்! குவாத் சார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே இருந்தார். "ஏழு மட்டும் பாக்கி" என்றார் மேடம். நான் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன். மற்றவர்கள் சொன்ன பொய் எனக்குத் தெரியாது, இதுவோ நானே செய்த பொய்.

சட்டத்தை வைத்தார், தோண்டினார், சலித்தார். பிறகு மேடம் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். விரல் தடிமனுக்குச் சூப்புப் புழு பதினாறு! வளையம் உள்ளவை இரண்டு வகை. மணலால் குழாய் கட்டியது ஒன்று. அது இந்தக் கரையில் இருப்பதாக அவர்கள் பதிவிலேயே இல்லையாம். "இந்த இடத்தை எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். தாழம்புதரில் ஒரு ஓலைத் தொப்பி மாட்டியிருந்தது. அதில் நீல ஒட்டு. போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு நானே தைத்த ஒட்டு.

தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும்போது படகிலிருந்து பார்த்தால், வளைவுக்கு எதிரே உள்ள மணல் திட்டில் லுவா பெரியம்மா தனியாக நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் மண்வெட்டி மேல் உட்கார்ந்து கால் கழுவுகிற மாதிரி நடித்தாள். மறுவாரம் பரிசு கிடைத்தது. பாராட்டுத் தாளில் 'நேர்மையான களப்பணி' என்று எழுதியிருக்கிறது. காலியாக இருந்த பத்து இடமும் 'புழுக்கள் அழிந்துவரும் பகுதி' ஆகிவிட்டன. அங்கே தோண்டக் கூடாதாம். பத்துப் பெண்களும் முகம் வாடாமல், "ஐயோ, எங்க பொழப்பு போச்சே" என்று ஒப்புக்கு அழுதார்கள்.

ஆகவே சித்தி, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். ஏழாம் புள்ளியை மூன்று விரல் அகலம் கடல் பக்கம் தள்ளிவிடுங்கள். அங்கே ஆழமான தண்ணீர், யாராலும் தோண்ட முடியாது. பரிசும் இருக்கும், அம்மாவும் இருப்பாள்.

உங்கள் முதுகு நிமிரவும், சித்தப்பா கொஞ்சம் மெதுவாகப் பேசவும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மியென்

பின்குறிப்பு: உறை எடுக்க அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அடித்துத் திருத்திய ஒரு தாள் இருந்தது. "லீ, ஏழாம் புள்ளிய மூணு விரல் கடல் பக்கமா தள்ளிடு. மியெனுக்குத் தெரிய வேணாம். என் தொப்பிய மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டுத் தூங்காமக் கெடக்குறா, பாவம். பரிசு வாங்குன புள்ள சந்தோஷமா இருக்கட்டும்." அதைப் பார்த்து நல்லபடி எழுதிய கடிதம் காலைப் படகிலேயே உங்களுக்குப் போயிருக்கும். சித்தி, அவள் சொல்லித் தள்ளியிருந்தால் நான் சொல்லித் தள்ளாதீர்கள்! மூன்றும் மூன்றும் ஆறு விரல். இப்போதுதான் அளந்து பார்த்தேன். ஆறு விரல் தள்ளினால் நேராக லுவா பெரியம்மாவின் மணல் திட்டில் போய் உட்காரும், அவள் எங்கள் வாத்துகளைக்கூட உயிரோடு விடமாட்டாள், அதனால் தயவுசெய்து ஒரே ஒரு தடவை மட்டும், யாரோ கதவைத் தட்டு