கோப்பைக்கு விழுந்த வெள்ளைப் பூ

“அந்தப் பூ கல்யாணத்துக்குடா!”

“இல்லீங்கம்மா, கோப்பைக்கு!”

“ஏண்டா, தங்கச்சிக்கு இந்த எடம் கூடுமான்னு கேக்க வந்த கோயில்ல கோப்பை எங்கெடா வந்துச்சு?”

“பொட்டணத்தைச் சாமி முன்னால வெச்சது ஆருங்க? நானு. வெச்சவன் மனசுல என்ன நெனச்சானோ அதுக்குத்தான் சாமி பூக் குடுக்கும். நான் ஹாக்கிக் கோப்பையத்தான் நெனச்சேன்!”

மேற்படி வாக்குவாதம் நடந்தது தெருவில் அல்ல, குலதெய்வத்தின் சந்நிதியில். கத்தியவர்கள் குமாரசாமியும் அவருடைய தாயார் சென்னியம்மாளும். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பூசாரி, மாப்பிள்ளையின் தகப்பனார், குமாரசாமியின் மனைவி, பொங்கல் சோறு உண்டு என்று தெரிந்து கூடவே போயிருந்த நான்.

உலகத்தில் பக்தர்கள் எத்தனையோ பேர். மண் கேட்டவர்கள் உண்டு, பொன் கேட்டவர்கள் உண்டு, மோட்சம் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டவர்களும் உண்டு. ஆனால் உடன்பிறந்தவளின் கல்யாணத்துக்காகக் கட்டிய பூப்பொட்டணத்தை வைத்து ஹாக்கிக் கோப்பை கேட்ட உத்தமர் எங்கள் திருச்செங்கோட்டில்தான் அவதரித்தார். பாரத தேசத்தின் சரித்திரத்தை எழுதப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. அன்னாருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. நடுவில் ஒரே சுவர். காது வைக்கத் தோதான சுவர்.

எங்கள் பக்கத்தில் பூ கேட்காமல் ஒரு கிணறுகூட வெட்ட மாட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் சம்மதமில்லை. இதில் ஒரு கறாரான சட்டம் உண்டு. ஒரு காரியத்துக்கு வெள்ளைப் பூ வந்துவிட்டால், அது நிறைவேறுகிற வரைக்கும் அந்தக் குடும்பம் வேறு எதற்கும் பூ கேட்கக் கூடாது. சாமிக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலை வைக்கலாகாது அல்லவா?

இந்தச் சட்டத்தைக் குமாரசாமி எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் படித்திருந்தார்.

“மொதல்ல கோப்பை வரட்டுமுங்க. அப்பறம் வசந்தாமணிக்குப் பூக் கேப்போம்” என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சரவணமுத்து, பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வாய் நிறைய வெற்றிலை. திடுக்கிடுவதற்கு முன்னால் வெளியே போய்த் துப்பிவிட்டு வர வேண்டியிருந்தது. வந்து கேட்டார்:

“ஏனுங் தம்பி, இந்தக் கோப்பைங்கறது எப்ப வருமுங்க?”

“தையில ஆட்டம் தொடங்குதுங்க. பங்குனியில கோப்பை.”

“இதுக்கு முன்னால எப்பவாச்சும் வந்திருக்குதுங்களா?”

“இல்லீங்க. அதனாலதான் இந்த வருஷம் கண்டிப்பா வரும்.”

சரவணமுத்து சற்று நேரம் சாமியைப் பார்த்தார். சாமி எதுவும் சொல்லவில்லை. “தை கடைசி முகூர்த்தம் வரைக்கும் பொறுக்கறோமுங்க. அதுக்கு மேல முடியாது. எங்க சுப்பையனுக்கு அக்கா ஊட்டுலயும் ஒரு பொண்ணு இருக்குது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

குமாரசாமியின் பெருமைகளைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர் ‘ஹாக்கி அபிமானிகள் சங்க’த்தின் தலைவர், காரியதரிசி, போஷகர். ஆடியதில்லை. ஆடுகிறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும், ஆட்டம் தெரிவது அபிமானிக்குத்தான் என்பது அவர் சித்தாந்தம். பெர்லின் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் ஜெர்மனிக்கு எட்டு கோல் போட்டார்கள் என்று பேப்பரில் படித்த நாள்முதல், அந்த எட்டில் ஒன்றிரண்டு தன்னுடையது என்பதைப் போலத்தான் நடந்தார். சேலம் போய் ஒரு மட்டை வாங்கி வந்தார். கோப்பை ஜெயிக்கிற அன்று கேப்டனுக்குப் பரிசளிப்பதற்காக. அதைத் தன் கல்யாணப் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி, விளக்கு மாடத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் தடவுவார். “அந்த எண்ணெயில பாதி என்ற தலைக்கு வெச்சிருந்தா முடி கொட்டாம இருந்திருக்கும்” என்பாள் அவர் மனைவி கண்ணாத்தாள்.

கண்ணாத்தாள் ஆட்டையாம்பட்டிக்காரி. இது அந்தக் குடும்பத்தின் துரதிர்ஷ்டம். ஏனென்றால் வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே எங்கள் ஊரைத் தோற்கடித்து அனுப்புகிறவர்கள் ஆட்டையாம்பட்டிக்காரர்கள்தான். தோற்றுவிட்டு வரும்போது நம்மவர்கள் அந்த ஊர் முறுக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த வகையில் எங்கள் ஊருக்கு ஹாக்கியால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்ல முடியாது.

தோல்விகளுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. ஒரு வருஷம் சூரியன் கண்ணில் அடித்தது. ஒரு வருஷம் நடுவர் முறுக்குக் கடைக்காரனுக்கு மச்சான் முறை. போன வருஷத்துக் காரணம் சர்க்காருடையது. புரட்டாசியில் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடையை மூடினார்கள். தையில் ஆட்டம். கோல் காக்கிற அங்கமுத்துவுக்குக் கை நடுங்கியது.

“இந்த வருஷம் நடுக்கம் சுத்தமா நின்னு போச்சுங்க மச்சான்” என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னார் குமாரசாமி. “அதுவே பாதி வெற்றி. மிச்சப் பாதிக்குச் சாமி பூக் குடுத்தாச்சு. சொல்லுங்க, நாம தோக்கறதுக்கு வழி எங்கெ இருக்குது?”

வழி எனக்குத் தெரியவில்லை. ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

கோயிலிலிருந்து வந்ததும் மாட்டுக் கொட்டகையில் சங்கத்தின் ‘அவசர மகாசபை’ கூடியது. ‘குமாரி வசந்தாமணியின் விவாக விஷயத்தை, சங்கத்தின் க்ஷேமத்தை முன்னிட்டு, கோப்பை கைக்கு வருகிற வரையில் ஒத்திவைப்பது’ என்று தலைவரே பிரேரேபித்துத் தலைவரே ஆமோதித்தார். அங்கமுத்து மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

“ஏனுங் தலைவரே, புள்ளைக்குக் கல்யாணம் ஆனா நம்ம ஆட்டத்துக்கு என்னங்க நட்டம்?”

“மூணு நாள் விருந்து தின்னுட்டு நீ ஓடுவியா?”

“நான் கோல் காக்கறவனுங்களே. நிக்கறதுதானுங்களே என்ற வேலை?”

“அதெல்லாம் உனக்குத் தெரியாது, உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது.

சம்பந்தப்பட்ட குமாரியின் அபிப்பிராயத்தைச் சபை கேட்கவில்லை. சபை மரபு அப்படி. மார்கழியில் ஒரு நாள் அவளே வந்து கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அதை உடனே நிறுத்தினேன்.

“ஏனுங்கண்ணா, இந்த வருஷம் நம்மாளுக செயிச்சுருவாங்களா?”

அந்த வீட்டில் அவரிடம் ஹாக்கி பற்றி யாரும் கேட்டதே கிடையாது. குமாரசாமியின் குரல் குழைந்துபோயிற்று. “அப்படிக் கேளு சாமி! வலப்பக்கம் ஆடறதுக்கு இந்த வருஷம் மாரியப்பன் வாரான். அவன் ஓடுனா மாடு மிரளும். எனக்கு ராத்திரி தூக்கமே வாரதில்லை. கண்ண மூடுனா கோப்பைதான் தெரியுது.”

“தோத்துட்டா?”

“தோக்க மாட்டோம்.”

“தோத்துட்டாங்கண்ணா, எனக்கு அடுத்த வருஷமுங்களா?”

“சாமி சொன்னது பொய்யாகாது. இந்த வருஷம் தவறுனா அடுத்த வருஷம் வரும். அப்பவும் தவறுனா அதுக்கடுத்த வருஷம். நம்பிக்கை வேணும்.”

“அந்த ஊட்டுக்காரரு தை வரைக்கும்தானே பொறுப்பேன்னாங்க?”

“அவிங்களுக்கு ஹாக்கி தெரியாது.”

பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “அப்படின்னா என்னைய ஆட விடுங்கண்ணா. எனக்கு அவசரம் இருக்குது. நான் ஓடுவேன்.”

குமாரசாமி இதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சங்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் புல்லறுக்கப் போகிற சாக்கில் வசந்தாமணி ஏரிக்கரைக்குப் போய் ‘பயிற்சி’யைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் துண்டை விரித்து அங்கமுத்து தூங்கிக்கொண்டிருந்தானாம். வலப்பக்கத்து மாரியப்பன் ஓடினானாம், அவனுடைய எருமை சோளக்காட்டில் இறங்கிவிட்டதென்று. “ஆத்தா, பங்குனி வரைக்கும் பாக்க வேண்டியதில்லை. தையிலயே தெரிஞ்சுரும்” என்றாள் தாயாரிடம்.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கோயிலில் பூசாரி ஒரு பொட்டணத்தைத்தான் பிரித்தார். இன்னொன்றை ஓரமாகத் தள்ளிவிட்டார். பிரிக்காத பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்காமல் வருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிரித்தேன். அதிலும் வெள்ளை அரளி!

நிமிர்ந்து பார்த்தால் கண்ணாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டணம் கட்டினவள் அவள். நாத்தனார் கல்யாணத்துக்குச் சாமி ‘இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாதே என்று, சாமிக்கு ஒரே பதில்தான் கொடுத்திருந்தார்கள். இப்போது அந்தப் பதிலை வேறொருவர் வேறொரு கேள்விக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூ பொய் என்று சொன்னால் கோப்பை போகும். கூடவே கல்யாணமும் போகும், சரவணமுத்து காதுக்கு எட்டினால் குடும்பத்தின் மானமும் போகும். சென்னியம்மாள், கண்ணாத்தாள், வசந்தாமணி மூன்று பேரும் வாயைத் திறக்க முடியாமல் மார்கழி முழுக்கப் புழுங்கினார்கள். நானும் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தேன். மூன்று தடவை காய்ச்சல் வந்தது.

பொங்கல் கழிந்தது. முதல் ஆட்டம் ஆட்டையாம்பட்டியில். நாள் எது என்று பார்த்தால், தை மாதத்துக் கடைசி முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் குமாரசாமி மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வசந்தாமணி எதிரில் வந்து நின்றாள்.

“அண்ணா, அந்தப் பூ சாமி குடுத்தது இல்லீங்க. நாங்க கட்டுனதுங்க. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு.”

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பாவம், மனுஷன் நொறுங்கிப் போவார் என்று நினைத்தேன். நான் நினைத்ததைப் போலத்தான் நீங்களும் நினைப்பீர்கள். நமக்கு அபிமானியின் நெஞ்சுரம் தெரியாது.

“ரெண்டுலயுமா?” என்றார் மெதுவாக.

“ரெண்டுலயுங்கண்ணா.”

“ரெண்டும் வெள்ளை?”

“ஆமாங்க.”

“அப்ப ரெண்டு கோப்பை!” என்று துள்ளி எழுந்தார். “இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் ஒண்ணு! அடி சாமி, இதை ஏன் முன்னாலயே சொல்லலை?” அங்கமுத்துவிடம் சொல்ல அப்படியே தெருவில் ஓடினார். எங்கள் ஊர் சங்கத்தில் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் விட்டுவிட்டுப் போன மட்டையைக் கண்ணாத்தாள் கையில் எடுத்தாள். அடிக்கத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பட்டில் திரும்பச் சுற்றி, “அத்தை, துணிமணியக் கட்டுங்க” என்றாள். அன்று ராத்திரியே சரவணமுத்துவுக்கு ஆள் போயிற்று.

விடிந்ததும் தலைவர் சங்கத்தோடு ஆட்டையாம்பட்டிக்குப் புறப்பட்டார். அடுத்த பஸ்ஸில் மூன்று பெண்களும் பரமத்தி வேலூருக்கு. பெண் வீட்டில் நடக்க வேண்டிய கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தேடிப் போகிறது என்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? நானும் ஏறினேன்.

மணவறையில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பெண்ணுக்கு உடன்பிறந்தவன் வந்து நிற்க வேண்டிய கட்டம் வந்தது. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் நிமிர்ந்து, “பொண்ணுக்கு அண்ணன் ஆருங்க?” என்று கேட்டார்.

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தாமணியின் கண்ணில் தண்ணீர் கட்டியது.

கண்ணாத்தாள் முன்னால் வந்தாள். பட்டை அவிழ்த்து, மட்டையை மணவறைப் பக்கத்தில் நட்டு நிறுத்தி, அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள். “இதுதானுங்க அண்ணன். அவரு உசுரு இதுலதான் இருக்குது. சடங்கைப் பண்ணுங்க.”

அருமைக்காரர் சரவணமுத்துவைப் பார்த்தார். சரவணமுத்து இந்தத் தடவையும் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து மட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“மனுசனைவிட நேரா நிக்குது. நடக்கட்டுமுங்க” என்றார்.

மறுநாள் நான் ஊர் திரும்பினேன். பூட்டின வீட்டு வாசலில் குமாரசாமி முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது கோல் என்று வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். நாம் போட்டதல்ல. என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார். தாயார் எங்கே, தங்கை எங்கே, கட்டின மனைவி எங்கே என்று கேட்பார், எந்த வரிசையில் பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான், ஜன்னல் வழியாப் பாத்தனுங்க, மட்டையைக் காணோமுங்க!” என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. யுத்தம் வந்தது, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது, கோப்பை இன்னும் வரவில்லை. வசந்தாமணிக்கு இரண்டு குழந்தைகள். சென்னியம்மாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பரமத்தி வேலூரிலேயே இருந்துவிட்டார். கண்ணாத்தாள் கல்யாணத்தில் இருந்து நேரே ஆட்டையாம்பட்டித் தாய்வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. குமாரசாமி வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டையாம்பட்டிக்குப் போகிறார். மைதானத்துக்கு அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் வழி. நேரமாகிவிட்டது என்று நிற்காமல் போகிறார். வரும்போது முறுக்கு வாங்கி வருகிறார். தை நெருங்கினால் சுவருக்கு மேலே அதே முகம் எட்டிப் பார்க்கிறது: “இந்த வருஷம் நம்முளுதுங்க மச்சான்!”

போன மாசம் பரமத்தி வேலூர்ப் பக்கம் போனபோது சுப்பையனின் கொடிக்காலைப் பார்த்தேன். பந்தலில் சாய்ந்துபோன ஒரு கொடிக்கு அந்த மட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு அண்ணனாக நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தூணாக நிற்கிறது. மட்டையின் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.