வெட்டுமேசை மேல் ஒரு ஆந்தை

இன்றைக்கு எப்பாடுபட்டாவது தன் வெட்டுமேசையை மீட்டுவிடுவது என்று தையல்காரர் தீர்மானித்தார். பறவை மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனைவி, “குணமாகற வரைக்கும்தாங்க” என்று சொல்லி, அதன் மேல் கூண்டோடு ஒரு ஆந்தையை வைத்திருந்தாள். காயம் ஆறிவிட்டது. போன ஒரு பக்கச் சிறகு திரும்ப முளைக்கவில்லை. அவர் தரையில் குனிந்து துணி வெட்டினார். ஆந்தை மேலே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

மனைவிக்குத் தெரியாமல் வனத்துறைக்கு ஃபோன் போட்டார். அதிகாரி வந்து, ஆந்தையைப் புரட்டிப் பார்த்தார்.

“இதைக் காட்டுல விட முடியாது. பறக்காது, வேட்டையாடாது.”

“அப்ப நீங்களே கொண்டுபோயிடுங்க சார்.”

“கொண்டுபோறேன். ஆனா செல்லமா வளர்க்க விதி இடம் கொடுக்காது. ஏதாவது ஒரு வேலைக்கு ஆகும்னாதான் உயிரோட வெச்சுக்கலாம். இல்லைன்னா, வலிக்காம ஒரு ஊசி.”

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். வாயாடி என்று பெயரெடுத்தவள், சமையலறை வாசலில் நின்று மும்முரமாக வெங்காயம் உரித்தாள். ஆந்தை அவரையே பார்த்தது.

“ஒரு கை கிழிஞ்சா சட்டையையே எரிச்சிடுவாங்களா சார்? அரைக்கை ஆக்கிப் போட்டுக்கறதில்லையா?”

“சட்டைக்கு விதி கிடையாதுங்க. இது என்ன வேலை செய்யும்?”

“குஞ்சு வளர்க்கும்! தாயில்லாத ஆந்தைக் குஞ்சுக்கெல்லாம் இரை தின்னக் கத்துக்கொடுக்கும். இவ தினமும் ஃபோன்ல சத்தமா சொல்லிட்டிருப்பாளே!”

“எங்கே வெச்சு வளர்க்கும்?”

“இங்கதான்! என் மேசை மேலதான்!”

அதிகாரி முகம் மலர்ந்தது. “போன வாரமே உங்க வீட்டம்மா இதைத்தான் கேட்டாங்க. வீட்டுக்காரர் தன் வாயால சம்மதம் சொன்னாத்தான் ஆகும்னு சொல்லியிருந்தேன்.”

தையல்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏன் முதல்லயே என்கிட்ட கேக்கலை?”

“கேட்டா மேசையைப் பத்திப் பேசியிருப்பீங்க.”

“நான் வாய் திறக்காம நின்னிருந்தா?”

“ஊசின்னு கேட்டப்புறமுமா? நீங்களா?” என்றாள். குரலில் கேலி இல்லை.

அதிகாரி கிளம்பும்போது சொன்னார்: “நாளைக்கு மூணு குஞ்சு வரும். ராத்திரியில பக்கத்து அறையில சத்தமே கூடாது. குறட்டை விடற ஆள் யாராவது இருக்காங்களா?”

மனைவி உள்ளே போய், தையல்காரருடைய தலையணையை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு நடந்தாள்.