சலவைக்கூடத்து ஒலிபெருக்கி

அன்புள்ள அத்தானுக்கு,

தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் நலம் நாளை காலை தெரியும்.

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் ஒலிபெருக்கியில் இனி யாரை எப்படி அழைப்பது என்பது இறுதியாக முடிவு செய்யப்பட்டது. எழுவர் கையெழுத்திட்டோம். மேலாளர் கண் கலங்கினார். சலவைத்தூள் காரணமாகவும் இருக்கலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மேற்பார்வையாளன் என்ற முறையில் நான் ஒலிபெருக்கியில் "தம்பிகளே" என்றுதான் தொடங்கிவந்தேன். ஆரம்பத்தில் இருந்த பதினான்கு பேரும் ஆண்கள். இன்று நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் பெண்கள் என்பதை, சுவரில் நின்றுபோன கடிகாரத்தைப் போலவே, நான் தினமும் பார்த்தும் கவனிக்கவில்லை. போன மாதம் தீயணைப்பு ஒத்திகை. அபாய மணி பழுது என்பதால் என் குரல்தான் மணி. "தம்பிகளே, எல்லாரும் உடனே வெளியே வாங்க" என்றேன். ஒரே நிமிடத்தில் வந்தார்கள், ஒருவர் தவிர. உள்ளே போனால், நாங்கள் இஸ்திரி அக்கா என்று அழைக்கும் அம்மையார் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்க தம்பியா சார்? பத்தொன்பது வருஷமா என்னைக் கூப்பிடாத வாய், நெருப்புக்கு மட்டும் கூப்பிடும்னு நான் எப்படி நினைக்கிறது?"

ஒத்திகை விதிப்படி உள்ளே நிற்பவரை இறந்தவராகப் பதிவு செய்ய வேண்டும். தீயணைப்புத் துறை ஆய்வாளர் பதிவு செய்தார். இறந்தவர் அடுத்த உறையை எடுத்தார். நாளை மறு ஒத்திகை. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே வந்தால் கூடத்துக்கு உரிமமும் எனக்கு இரண்டாண்டுப் பணி நீட்டிப்பும் உண்டு. வராவிட்டால் இரண்டும் இல்லை. தங்கள் மாடி அறை காலியா என்று முன்கூட்டியே விசாரித்தது இதனால்தான்.

எப்படி அழைப்பது என்று முடிவு செய்ய அமைத்த எழுவர் குழு நான்கு முறை கூடியது. "தாய்மார்களே" என்றதும் பிழியும் இயந்திரத்துப் பெண், "எனக்கே தெரியாம எப்ப சார் ஆனேன்?" என்றாள். "சகோதர சகோதரிகளே" என்பதை, கணவனும் மனைவியுமாக இங்கேயே வேலை பார்க்கும் இருவரில் மனைவி மறுத்தார்: "இந்த ஆளு எனக்கு அண்ணனாப் பொறந்திருந்தா சொத்துல பாதியாவது கிடைச்சிருக்கும்." "நண்பர்களே" என்றால் லீவு கேட்பார்கள் என்றார் மேலாளர். உலர்த்தும் பிரிவில் ஒருவர் இருக்கிறார், தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாதவர். அவர் மூலையிலிருந்து, "எல்லாருக்கும் வணக்கம்னு சொல்லுங்க, முடிஞ்சுது. ஏன் ஆளாளுக்கு உறவு கொண்டாடுறீங்க?" என்று கேட்டார். இவ்வளவு சுலபமானதற்கு ஒரு குழு தேவையில்லை என்பதால் அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

முடிவில் வேலையை வைத்தே அழைப்பது என்றானது. மதிப்புக்குரிய துவைப்பவர்களே, மதிப்புக்குரிய பிழிபவர்களே என்று ஒவ்வொரு பிரிவாக. யார் மதிப்பும் குறையக்கூடாதென்று பதினொரு பிரிவுக்கும் தனித்தனி "மதிப்புக்குரிய". "எங்க பிரிவைக் கூப்பிட்டாத்தான் நகருவோம்" என்று இஸ்திரி அக்கா சொன்னதையும் விதியாகச் சேர்த்தோம். அந்த அம்மையார் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார் அத்தான். அழைப்பு முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் படித்துப் பார்த்தேன். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆகவே மாடி அறையை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். அவர்கள் வளர்ந்து, யாரும் கூப்பிடத் தேவையில்லாத வேலைக்குப் போகட்டும்.

தங்கள் மைத்துனன்.

பி.கு.: கடிதம் ஒரு நாள் தாமதமாகிறது, ஒத்திகை முடிந்துவிட்டது. விதிப்படி யாரும் தம் பிரிவை அழைக்கும்வரை அசையவில்லை. நான்காவது பிரிவைப் படிக்கும்போது இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. உலர்த்தும் பிரிவு எட்டாவது. ஆனால் அந்த மூலைக்காரர் "எல்லாரும் வாங்க" என்று சொல்லி அவர்களை முன்பே அழைத்துப் போய்விட்டாராம். இஸ்திரிப் பிரிவு பதினொன்றாவது. இறந்தவர்கள் இருபத்து மூன்று பேர், என்னையும் சேர்த்து. ஞாயிறு மாலை வண்டியில் வருகிறேன். என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு மெத்தையும் இருக்கின்றன.